பந்தயம் முடிந்த பிறகு வரும் மூன்று மாதம்: செட்டிநாட்டுப் பக்கம் டிரையத்லான் பயிற்சியை எப்படி வைத்துக்கொள்கிறீர்கள்?

செம்மண்ஓட்டம் (காரைக்குடி)

அண்ணன்மாருக்கும் அக்காமாருக்கும் வணக்கம். நீச்சல், சைக்கிள், ஓட்டம் மூன்றும் அடுத்தடுத்து வரும் கோவா அரை அயர்ன்மேன் டிரையத்லானை முடித்துவிட்டு ஊர் திரும்பியாச்சு. 1.9 கி.மீ. நீச்சலுக்கு 1 மணி 10 நிமிடம்தான் வரம்பு, அதை ஒட்டித்தான் கரையேறினேன். 90 கி.மீ. சைக்கிள் நினைத்ததைவிட நன்றாகப் போனது. 21.1 கி.மீ. ஓட்டத்தில் பின்பாதி முழுக்க நடையும் ஓட்டமும் கலந்துதான்.

அடுத்த பெரிய பந்தயம் எனக்கு அடுத்த ஐப்பசியில்தான். இப்போது கார்த்திகை மழை. கடையில் பொங்கல் வியாபாரம் வேறு தொடங்கப்போகிறது. பந்தயத்தில் பழக்கமான ஒருவர் "ஒரு மாதம் எதையும் தொடாதே" என்கிறார். இன்னொருவர் "நிறுத்தினால் எல்லாம் போய்விடும், வாரம் 10 மணி நேரத்துக்குக் குறையாதே" என்கிறார். இணையத்தில் தேடினால் பனி கொட்டும் ஊர்களில் வீட்டுக்குள் மிதிப்பதைப் பற்றித்தான் எல்லாரும் எழுதுகிறார்கள். நம் ஊர் வெயில், மழை, நீச்சல் குளம், சாலை இவற்றை வைத்து இந்த மூன்று மாதத்தை நீங்கள் எப்படிக் கழிக்கிறீர்கள் என்று விரிவாகச் சொன்னால் உதவியாக இருக்கும்.

---

குன்றக்குடிஏற்றம்

தம்பி, முதலில் வாழ்த்துகள். வேலை பார்த்துக்கொண்டே அந்தத் தூரத்தை முடிப்பது பெரிய விஷயம்.

முதல் இரண்டு, மூன்று வாரத்துக்கு அட்டவணையே வேண்டாம். கைக்கடிகாரத்தைக் கழற்றி வையுங்கள். நடக்கத் தோன்றினால் நடங்கள், பிள்ளைகளோடு பந்து விளையாடத் தோன்றினால் விளையாடுங்கள். தூக்கம் மட்டும் குறையக்கூடாது.

"எல்லாம் போய்விடும்" என்ற பயத்துக்கு அளந்து பார்த்த பதில் இருக்கிறது. 1984-ல் அமெரிக்காவில் எட்வர்ட் காயில் என்ற ஆய்வாளரின் குழு, நன்றாகப் பயிற்சி பெற்ற ஓட்டக்காரர்களையும் சைக்கிள்காரர்களையும் பயிற்சியை முழுக்க நிறுத்தச் சொல்லி 84 நாள் கவனித்தது. உடல் அதிகபட்சமாக ஆக்சிஜன் எடுக்கும் திறன் முதல் 3 வாரத்தில் சுமார் 7 சதவீதம் குறைந்தது. 8 வாரத்தில் குறைவு 16 சதவீதத்தை எட்டி, அதற்கு மேல் இறங்காமல் நின்றது. முதலில் விழும் அந்த 7 சதவீதத்துக்குப் பெரிய காரணம், இரத்தத்தில் உள்ள நீர்ப்பகுதி குறைந்து, இதயம் ஒரு துடிப்புக்குத் தள்ளும் இரத்தம் குறைவது. மறுபடி பயிற்சிக்குப் போனால் அது சீக்கிரமே திரும்பிவிடும். தசைக்குள் ஓடும் நுண்குழாய்களோ 84 நாள் கழித்தும் பெரும்பாலும் அப்படியே இருந்தன. பல வருடம் உழைத்துக் கட்டியது சில வாரத்தில் கரைவதில்லை.

ஆகவே கார்த்திகை மழையை ஓய்வுக்குக் கொடுத்துவிடுங்கள். தெருவெல்லாம் தண்ணீர் நிற்கும் நேரத்தில் 90 கி.மீ. மிதித்து என்ன ஆகப்போகிறது?

---

கானாடுகாத்தான்பெடல்

அண்ணே, இதில் நான் மாறுபடுகிறேன். காயில் அளந்தது முழுநேரம் போலப் பயிற்சி செய்தவர்களை. நம்மைப் போல வாரம் 6, 7 மணி நேரம் செய்கிறவன் மூன்று வாரம் விட்டால், அது ஆறு வாரமாகி, பொங்கல், கல்யாணம், மஞ்சுவிரட்டு என்று மாசிவரை இழுத்துவிடும். உடம்பு தாங்கும், பழக்கம்தான் முறியும். அதிகாலை 4.30-க்கு எழுவது ஒருமுறை விட்டுப்போனால் மறுபடி பிடிக்கக் கஷ்டம். எங்கள் குழுவில் ஞாயிறு சவாரியை எந்த மாதமும் நிறுத்துவதில்லை, வேகத்தையும் குறைப்பதில்லை.

---

குன்றக்குடிஏற்றம்

பழக்கம் முறியும் என்பதை ஒப்புக்கொள்கிறேன் தம்பி. அதனால் எழும் நேரத்தை மாற்ற வேண்டாம் என்று திருத்திக்கொள்வோம். 4.30-க்கு எழுந்து காபி குடித்துவிட்டுக் கண்மாய்க் கரையில் ஒரு நடை போனாலும் பழக்கம் காப்பாற்றப்படும்.

ஆனால் பந்தயம் முடிந்த மறுவாரமே முழு வேகச் சவாரி வேண்டாம். ஓய்வுக்குப் பிறகும் குறைந்த நேரத்தில் திறனைப் பிடித்துவைக்க வழி இருக்கிறது. ஹிக்சன் என்பவர் 1980-களில் செய்த சோதனைகளில், வாரம் 6 நாள் கடுமையாகப் பயிற்சி செய்தவர்களை இரண்டே நாளுக்கு இறக்கினார். அந்த இரண்டு நாளும் பழைய வேகத்திலேயே செய்ததால் 15 வாரம் ஆகியும் அவர்களின் ஆக்சிஜன் திறன் குறையவில்லை. நாள் எண்ணிக்கையை அப்படியே வைத்து வேகத்தை மட்டும் இறக்கியவர்களுக்குக் குறைந்துபோனது. ஓய்வு வாரங்கள் முடிந்ததும் வாரத்தில் ஒரு நாளோ இரண்டு நாளோ சுருக்கமாக, மூச்சு வாங்கும்படி ஏதாவது செய்தால் போதும். ஞாயிறு சவாரிக்கு மூன்று மணி நேரம் குழுவோடு பறக்க வேண்டியதில்லை.

---

தேவகோட்டைரஸ்தா

இந்த இழையில் ஒரு அடிப்படை விஷயம் பேசப்படவில்லை. நாம் யாருடைய நாட்காட்டியை வைத்துப் பயிற்சி செய்கிறோம்?

ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் பந்தயங்கள் கோடையில். குளிர்காலத்தில் வெளியே போக முடியாது. அதனால் குளிர்காலம் அவர்களுக்கு ஓய்வுக்காலம், வீட்டுக்குள் மெதுவாக, நீண்ட நேரம் செய்து அடித்தளம் போடும் காலம். அங்கே அது சரி. நாம் அதைப் பார்த்து "டிசம்பர், ஜனவரி என்றால் மெதுவாக, வீட்டுக்குள்" என்று எடுத்துக்கொள்கிறோம். நம் ஊரில் வருடத்திலேயே மிக நல்ல பயிற்சிக் காலம் மார்கழி நடுவிலிருந்து மாசி வரைதான். மழை விட்டிருக்கும், கண்மாய் நிறைந்திருக்கும், காலை 8 மணி வரை வெயில் உறைக்காது. இந்த எட்டு, பத்து வாரத்தை வீட்டுக்குள் வீணடித்துவிட்டு, சித்திரையில் 38, 40 டிகிரியில் நீண்ட ஓட்டம் ஓடி மயங்கி உட்காருகிறவர்களை நான் ஒவ்வொரு வருடமும் பார்க்கிறேன்.

நான் சொல்லும் முறை இது. பந்தயம் முடிந்து கார்த்திகைக் கடைசி வரை ஓய்வு. மார்கழியில் மெதுவாகத் தொடங்கித் தையிலும் மாசியிலும் நீளத்தைக் கூட்டுவது. எல்லாம் பேச்சு வரும் வேகத்தில். பக்கத்தில் வருபவரிடம் முழு வாக்கியம் பேச முடிய வேண்டும். முடியவில்லை என்றால் வேகம் அதிகம். பங்குனியிலிருந்து வெயில் ஏற ஏற நேரத்தைக் குறைத்து, எடைப் பயிற்சியையும் நீச்சலையும் கூட்டுவது. சித்திரை, வைகாசிதான் நமக்கு உண்மையான 'வீட்டுக்குள்' காலம்.

வெயிலுக்குப் பழக உடம்புக்குப் பத்து, பதினான்கு நாள் போதும் என்பது நன்றாக நிறுவப்பட்ட விஷயம். விட்டால் சில வாரத்தில் அந்தப் பழக்கம் போயும் விடும். அதனால் "கோவா வெயிலுக்கு இப்போதே பழகுகிறேன்" என்று நண்பகலில் ஓடுவதால் ஒரு பயனும் இல்லை. அதைப் பந்தயத்துக்கு முந்தைய மாதத்தில் பார்த்துக்கொள்ளலாம்.

எனக்கு இதில் உறுதியான கருத்து உண்டு. நம் மண்ணின் பருவத்துக்கு அட்டவணையை வளைக்காமல் யாருடைய அட்டவணையைப் பின்பற்றினாலும் அது அரைகுறைதான்.

---

செம்மண்ஓட்டம்

ரொம்ப நன்றி அண்ணே. இப்படி யோசித்ததே இல்லை. அப்படியென்றால் தையில் ஒரு சிக்கல். எங்கள் வீட்டில் தைப்பூசத்துக்குப் பழனி நடைப்பயணம் போவது வழக்கம். குன்றக்குடியில் கூடிச் சிங்கம்புணரி, நத்தம், திண்டுக்கல் வழியாகப் போவோம். நல்ல அடித்தள வாரங்களில் நடுவே அது வந்து நிற்கிறது. இந்த வருடம் விட்டுவிடவும் மனசில்லை.

---

தேவகோட்டைரஸ்தா

ஏன் விடவேண்டும்? போய்வாருங்கள். நாள் முழுக்க, தொடர்ந்து பல நாள், குறைந்த இதயத்துடிப்பில் நகர்வது என்பது எந்த அட்டவணையிலும் கிடைக்காத நீண்ட பயிற்சி. ஓட்டத்தில் கடைசிப் பாதி விழுந்துவிட்டது என்றீர்களே, அதற்கு முக்கியத் தேவை பல மணி நேரம் காலில் நிற்கும் பலம். பாதம், கணுக்கால், இடுப்பு எல்லாம் அதில் உறுதியாகும்.

ஆனால் அதை முழுப் பயிற்சியாகவே கணக்கில் எடுங்கள். புறப்படுவதற்கு முந்தைய வாரம் ஓட்டத்தைப் பாதியாக்குங்கள். திரும்பி வந்த வாரம் ஓட்டமே வேண்டாம், நீச்சலும் லேசான சைக்கிளும் போதும். கொப்புளம் வந்தால் நீச்சல் குளத்தில் இறங்குவதைத் தள்ளிப்போடுங்கள். வெறுங்காலில் நடக்கும் வேண்டுதல் இருந்தால் மார்கழியிலிருந்தே தினமும் கொஞ்சம் செம்மண் பாதையில் வெறுங்காலில் நடந்து பழகுங்கள். தார்ச்சாலையில் முதல் நாளே வெறுங்காலோடு இறங்கி, பாதத்தின் அடிப்பட்டை வீங்கி மூன்று மாதம் கஷ்டப்பட்டவர்கள் என்னிடம் சிகிச்சைக்கு வந்திருக்கிறார்கள்.

இன்னொன்று, சைக்கிள்காரர்கள் எல்லாருக்கும். கார்த்திகையிலிருந்து தை வரை விடியலுக்கு முன் சாலையோரம் முழுக்கப் பாதயாத்திரைக்காரர்கள். முதலில் ஐயப்ப பக்தர்கள், பிறகு பழனிக்குப் போகிறவர்கள். மார்கழிப் பனியில் பத்தடிக்கு அப்பால் தெரியாது. அந்த நேரத்தில் கைப்பிடி நீட்டிக் குனிந்து மிதிக்கும் டிரையத்லான் நிலையை எடுக்காதீர்கள். பிரேக்கில் கை இருக்கட்டும், முன்விளக்கும் பின்விளக்கும் எரியட்டும்.

---

பள்ளத்தூர்ஆச்சி

மூன்று பேரும் நல்லபடியாகப் பேசுகிறீர்கள். ஆனால் 40 வயதைத் தாண்டிய பெண்களும் இதைப் படிக்கிறோம். எங்களுக்கு இந்த மூன்று மாதத்தில் எல்லாவற்றிலும் முக்கியம் எடைப் பயிற்சி.

நீச்சலும் சைக்கிளும் எலும்பின் மேல் பாரம் போடுவதில்லை. சைக்கிள் மட்டுமே மிதிக்கிறவர்களுக்கு இடுப்பு முதுகெலும்பின் அடர்த்தி குறைவாக இருப்பது பல ஆய்வுகளில் தெரிந்த விஷயம். மாதவிடாய் நிற்கும் வயதை நெருங்கும்போது எலும்பு இன்னும் வேகமாகக் கரையும். அதனால் ஆண்களைவிட எங்களுக்குத்தான் பாரம் தூக்குவது அவசியம். இளஞ்சிவப்பு நிறத்தில் ஒரு கிலோ கட்டையைக் கையில் கொடுத்து ஐம்பது முறை ஆட்டச் சொல்கிறார்கள் சில உடற்பயிற்சிக் கூடங்களில். அதனால் எலும்புக்கு ஒன்றும் ஆகாது. கனமாக, ஐந்தாறு முறைக்கு மேல் தூக்க முடியாதபடி, முறையாகக் கற்றுக்கொண்டு தூக்க வேண்டும். உட்கார்ந்து எழுவது, தரையிலிருந்து தூக்குவது, ஒற்றைக் காலில் படியேறுவது, கெண்டைக்காலை உயர்த்துவது. இந்த நான்கும் வாரம் இரண்டு நாள் போதும்.

இது வேகத்துக்கும் உதவும். 1999-ல் பின்லாந்தில் பாவோலைனன் என்பவர் செய்த சோதனையில், ஓட்டப் பயிற்சியில் ஒரு பகுதியைக் குறைத்து அந்த இடத்தில் குதிப்பு, வெடிப்பான பலப் பயிற்சி கொடுத்தார்கள். ஆக்சிஜன் திறன் கூடவில்லை, ஆனாலும் 5 கி.மீ. நேரம் குறைந்தது. அதே வேகத்துக்குச் செலவாகும் சக்தி குறைந்ததுதான் காரணம்.

அப்புறம் சாப்பாடு. பந்தயம் முடிந்ததும் "எடையைக் குறைக்கிறேன்" என்று சாதத்தை நிறுத்துகிறார்கள். தயவுசெய்து செய்யாதீர்கள். பயிற்சிக்குத் தேவையான அளவு சாப்பிடாமல் இருந்தால் மாதவிடாய், எலும்பு, நோய் எதிர்ப்பு எல்லாம் பாதிக்கப்படும் என்று சர்வதேச ஒலிம்பிக் கமிட்டி 2014-லேயே தனியாக அறிக்கை வெளியிட்டது. அது ஆண்களுக்கும் பொருந்தும். கார்த்திகையிலும் தையிலும் கல்யாண வீடுகளில் கவுனி அரிசியும் கந்தரப்பமும் வெள்ளைப் பணியாரமும் வந்தால் சந்தோஷமாகச் சாப்பிடுங்கள். குறைக்க வேண்டியதைப் பங்குனியில் பார்த்துக்கொள்ளலாம்.

கவனிக்க வேண்டியது புரதம். உடல் எடையில் கிலோவுக்கு 1.6 கிராம் என்றால் 60 கிலோ ஆளுக்கு ஒரு நாளைக்கு 96 கிராம். இட்லி, தோசை, சாதம் என்று ஓட்டினால் அதில் பாதிகூட வராது. முட்டை ஒன்றுக்குச் சுமார் 6 கிராம். மீன், நாட்டுக்கோழி, சுண்டல், தயிர் என்று ஒவ்வொரு வேளையிலும் ஏதாவது ஒன்று இருக்க வேண்டும். எங்கள் வீட்டில் எடைப் பயிற்சி நாளில் கும்மாயம் கிண்டுவோம். உளுந்தும் பாசிப்பருப்பும் கருப்பட்டியும் சேர்ந்தது. கடையில் விற்கும் மாவு டப்பாவைவிட அது எனக்கு ஒத்துவருகிறது.

பெண்கள் ஒருமுறை ஹீமோகுளோபினும், உடம்பின் இரும்புச் சேமிப்பைக் காட்டும் ஃபெரிட்டினும் பார்த்துவிடுங்கள். ஓய்வெடுத்தும் களைப்பு போகவில்லை என்றால் பல நேரம் அங்கேதான் விஷயம் இருக்கும். சாப்பிட்டவுடன் காபி, டீ குடித்தால் இரும்புச் சத்து உடம்பில் சரியாகச் சேராது, ஒரு மணி நேரம் தள்ளிக் குடியுங்கள்.

---

கானாடுகாத்தான்பெடல்

ஆச்சி, கனமாகத் தூக்குவதற்கு எங்கள் ஊரில் கூடமே இல்லை. காரைக்குடிக்கு வந்துபோக ஒரு மணி நேரம் ஆகிவிடும். வீட்டிலேயே என்ன செய்யலாம்? ஊரில் பழைய இளவட்டக்கல் ஒன்று கோயில் பக்கம் கிடக்கிறது.

---

பள்ளத்தூர்ஆச்சி

இளவட்டக்கல்லைத் தொடாதீர்கள் தம்பி. உருண்டையான கல்லைப் பிடிமானம் இல்லாமல் குனிந்து தூக்கும்போது முதுகு வளையும். பழகாதவர்களுக்கு இடுப்புத் தட்டு நழுவும் ஆபத்து. முதுகுப்பையில் மணல் மூட்டையோ அரிசிப் பையோ வைத்து, ஒற்றைக் காலில் படியேறி இறங்குங்கள். ஒற்றைக் கால் என்பதால் குறைந்த பாரமே கனமாக இருக்கும். கெண்டைக்காலையும் அப்படியே, படியின் விளிம்பில் நின்று. தோளுக்குக் கர்லாக்கட்டை மிக நல்லது, நீச்சல்காரர்களுக்கு இன்னும் நல்லது. சுற்றுவதை மட்டும் தெரிந்தவரிடம் நேரில் கற்றுக்கொள்ளுங்கள்.

---

செம்மண்ஓட்டம்

சைக்கிளைப் பற்றியும் சொல்லுங்கள். அதைவிட எனக்கு நீச்சல்தான் பெரிய கவலை. பெரியவனான பிறகு கற்றுக்கொண்டவன் நான். மழைக்காலத்தில் இங்கே நீச்சல் குளத்தை அடிக்கடி மூடிவிடுகிறார்கள். இப்போது ஊருணி, கண்மாய் எல்லாம் ததும்பி நிற்கிறது. கண்மாயில் நீந்திப் பழகலாமா?

---

தொண்டிக்கடல்

தம்பி, கண்மாய் வேண்டாம். இதில் நான் விட்டுக்கொடுக்கவே மாட்டேன்.

ஊருணி ஊர் குடிக்கும் தண்ணீர். பல ஊர்களில் கால் கழுவக்கூட இறங்க விடமாட்டார்கள், அது சரியான வழக்கம். கண்மாயின் ஆபத்து வேறு. கோடையில் மண் அள்ளிய பள்ளங்கள் தண்ணீருக்கடியில் எங்கே இருக்கின்றன என்று யாருக்கும் தெரியாது. இடுப்பளவு என்று நடந்துபோகும் இடத்தில் அடுத்த அடி இரண்டு ஆள் ஆழம். தாமரைத் தண்டும் கொடியும் காலைச் சுற்றும். கலங்கிய தண்ணீரில் முழுகியவரைக் கண்ணால் தேட முடியாது. ஒவ்வொரு மழைக்காலத்திலும் நம் மாவட்டத்தில் பிள்ளைகள் கண்மாயில் மூழ்கிய செய்தி வந்துகொண்டேதான் இருக்கிறது. புது வெள்ளத்தில் எலிச் சிறுநீர் கலந்து எலிக்காய்ச்சல் வரும், காலில் சின்னக் கீறல் இருந்தால் போதும்.

கடலுக்கு வரலாம், ஆனால் இப்போது வேண்டாம். தேவகோட்டையிலிருந்து தொண்டி 40 கி.மீ. சொச்சம்தான். எங்கள் பாக் விரிகுடாப் பக்கம் ஆழம் குறைவு, அலை குறைவு என்று எல்லாருக்கும் தெரியும். ஆனால் ஐப்பசியிலிருந்து தை வரை வாடைக்காற்று அடிக்கும். கடல் கலங்கிக் குறுகிய அலையாக முகத்தில் அடித்துக்கொண்டே இருக்கும். மாசி, பங்குனியில் காற்று விழுந்ததும் வாருங்கள். கண்ணாடி மாதிரி இருக்கும். விடியலில் இறங்கி, கரைக்கு இணையாக, கரையில் ஒருவர் நடந்துவர, இடுப்பில் மிதவை கட்டி நீந்துங்கள். வலை எங்கே போட்டிருக்கிறது என்று மீனவர்களிடம் கேட்காமல் இறங்க வேண்டாம். ஆழமில்லாத இடத்தில் பாதத்தைத் தேய்த்துத் தேய்த்து நடங்கள், மணலில் புதைந்திருக்கும் திருக்கை விலகிப்போகும். மிதித்தால்தான் முள்ளால் அடிக்கும். சொறிமீன் அதிகமாகத் தெரியும் நாளில் திரும்பிவிடுங்கள்.

அதுவரை நீச்சல் குளம்தான். குளத்தில் தூரத்தை விட்டுவிடுங்கள். பெரியவரான பிறகு கற்றவர்களில் பெரும்பாலோரிடம் மூன்று விஷயம்தான் இருக்கும். தண்ணீருக்குள் மூச்சை வெளியே விடாமல் அடக்கிவைத்து, தலையைத் திருப்பும்போது விடவும் இழுக்கவும் இரண்டையும் செய்வது. தலையைத் தூக்கி முன்னால் பார்ப்பதால் இடுப்பும் காலும் மூழ்குவது. கையை நீட்டியதும் தண்ணீரைப் பிடிக்காமல் கீழே அழுத்துவது. இந்த மூன்றையும் 25 மீட்டர் 25 மீட்டராக, நின்று நின்று, ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் கவனித்துப் பழகுங்கள். வாரத்தில் ஒரே நாள் 2 கி.மீ. நீந்துவதைவிட நான்கு நாள் அரை மணி நேரம் பலமடங்கு பலன் தரும். தண்ணீரின் பிடி அடிக்கடி இறங்கினால்தான் கைக்கு வரும். ஒருவரை விட்டு வீடியோ எடுத்துப் பாருங்கள். நாம் செய்வதாக நினைப்பதும் உண்மையில் செய்வதும் அவ்வளவு வேறாக இருக்கும்.

முன்னேற்றம் அளக்க: 400 மீட்டர் முழு முயற்சியில் நீந்தி நேரம் குறியுங்கள். நன்றாக ஓய்வெடுத்துவிட்டு 200 மீட்டர். இரண்டு நேரத்தின் வித்தியாசத்தைப் பாதியாக்கினால் 100 மீட்டருக்கான உங்கள் தாங்கும் வேகம். 400 மீட்டர் 10 நிமிடம், 200 மீட்டர் 4 நிமிடம் 40 நொடி என்றால் வித்தியாசம் 5 நிமிடம் 20 நொடி. பாதி 2 நிமிடம் 40 நொடி. ஆறு வாரத்துக்கு ஒருமுறை பார்த்தால் போதும், வாராவாரம் அளந்து மனசைக் கெடுத்துக்கொள்ள வேண்டாம்.

---

தேவகோட்டைரஸ்தா

தொண்டிக்காரர் சொன்ன கண்மாய் விஷயத்தை இந்த இழையின் மேலே பொருத்திவைக்க வேண்டும் என்று நடத்துநரைக் கேட்டுக்கொள்கிறேன்.

ஓட்டத்துக்குத் திரும்புவதைப் பற்றி ஒன்று. மூன்று வாரம் விட்டுவிட்டுத் தொடங்கும்போது மூச்சு சீக்கிரம் தேறிவிடும். தசைநார் தேறாது. குதிகால் தசைநாரும் முழங்காலுக்குக் கீழேயுள்ள நாரும் பாரத்துக்குப் பழக வாரக்கணக்கில் எடுக்கும். மூச்சு நன்றாக இருக்கிறதே என்று மார்கழி முதல் வாரத்திலேயே 15 கி.மீ. ஓடுகிறவர்கள்தான் தையில் என் மேசையில் வந்து படுக்கிறார்கள். நடை-ஓட்டமாகத் தொடங்குங்கள். தார்ச்சாலையைவிடச் செம்மண் வண்டிப்பாதை நல்லது, மழை விட்டபின் மண் இறுகி மெத்தென்று இருக்கும். வாரம் ஒரு நாள் பிரான்மலைக்குப் போய் ஏறி இறங்குங்கள். பாரியின் பறம்பு மலை. ஏறும்போது வேகமாக, இறங்கும்போது மிக மெதுவாக. இறங்கும்போதுதான் தொடைத் தசை அதிகம் கிழியும். ஓட்டத்தின் பின்பாதியில் தொடை கட்டையாகிவிடுவதற்கு இந்த இறக்கம் நல்ல மருந்து, ஆனால் அளவோடு.

---

கானாடுகாத்தான்பெடல்

சைக்கிள் பற்றி நான் சொல்கிறேன், இது என் பகுதி.

கோவாவிலிருந்து வந்த சைக்கிளை முதலில் பிரியுங்கள். கடற்கரை உப்புக் காற்றும் மேலே கொட்டிய வியர்வையும் உப்புக் கரைசலும் கைப்பிடிக்குக் கீழே இருக்கும் பேரிங்கில் போய் உட்கார்ந்திருக்கும். வெளியே பளபளவென்று இருக்கும், உள்ளே துரு. கைப்பிடிப் பட்டையை உரித்துவிட்டு அடியில் பாருங்கள். சீட்டுக் கம்பி உலோகம் என்றால் வெளியே எடுத்து கிரீஸ் போடுங்கள், இல்லையென்றால் அடுத்த வருடம் அது சட்டத்தோடு ஒட்டிக்கொண்டு வராது. செயின் தேய்ந்திருந்தால் இப்போதே மாற்றிவிடுங்கள், தேய்ந்த செயின் பல்சக்கரத்தையும் தின்றுவிடும்.

பந்தய டயரைக் கழற்றி எடுத்துவையுங்கள். நம் பக்கம் எதிரி சீமைக்கருவேல முள். மழைக்குப் பிறகு சாலையோரம் வெட்டிப் போடுவார்கள், முள் முழுக்கத் தாரில் சிதறிக் கிடக்கும். தடித்த 28 அல்லது 32 மி.மீ. டயர், டியூப்லெஸ் என்றால் உள்ளே அடைப்புத் திரவம். கொஞ்சம் மெதுவாகத்தான் போகும். அடித்தளக் காலத்தில் அது ஒரு குறையே இல்லை.

மழை நாளில் வீட்டுக்குள் டிரெய்னரில் (சைக்கிளை நிறுத்தி ஒரே இடத்தில் மிதிக்கும் தாங்கி) மிதிப்பவர்களுக்கு: ஆத்தங்குடிக் கல் பதித்த வளவிலோ (நடுமுற்றமும் அதைச் சுற்றிய பகுதியும்) பட்டாலையிலோ வைத்தால் அடியில் கட்டாயம் தடித்த ரப்பர் விரிப்பு போடுங்கள். அந்தக் கல் சிமெண்டும் மணலும் நிறப்பொடியும் சேர்த்துக் கையால் வார்த்தது, தண்ணீரை உறிஞ்சும். வியர்வை உப்பும் செயின் எண்ணெயும் இறங்கினால் கறை போகாது. நூறு வருடத்துக் கல்லை ஒரு மழைக்காலத்தில் கெடுத்துவிட வேண்டாம். வளவில் மழை படாத ஓரத்தில் வைத்தால் நடுவே வானம் திறந்திருக்கும், காற்றோட்டத்துக்கு மின்விசிறிகூட அவ்வளவாக வேண்டாம்.

வேகத்தைப் பற்றி மேலே அண்ணன்மார் சொன்னதை யோசித்தேன். ஞாயிறு சவாரியை மாசி வரை இரண்டாகப் பிரிக்கிறோம். ஒரு குழு பேச்சு வரும் வேகத்தில், இன்னொரு குழு வழக்கம்போல. இளவட்டங்கள் எல்லாரையும் மெதுவாகப் போகச் சொல்ல என்னால் முடியாது, எனக்கே அதில் முழு நம்பிக்கையும் இல்லை. ஆனால் பந்தயம் முடித்து வந்தவர்கள் முதல் குழுவில் வரட்டும்.

---

குன்றக்குடிஏற்றம்

அது போதும் தம்பி. முதல் குழுவுக்கு ஒரு பாதை சொல்கிறேன். காரைக்குடியிலிருந்து குன்றக்குடி, பிள்ளையார்பட்டி, திருப்பத்தூர், அங்கிருந்து மதுரைச் சாலையில் வேட்டங்குடிப் பறவைகள் சரணாலயம். பெரிய ஏற்றம் எதுவும் இல்லை. மார்கழியில் போனால் நத்தைக்குத்தி நாரையும் அரிவாள் மூக்கனும் கண்மாய் மரமெல்லாம் உட்கார்ந்திருக்கும். அந்தப் பறவைகளுக்காகப் பக்கத்துக் கிராமத்துக்காரர்கள் தீபாவளிக்குப் பட்டாசே வெடிப்பதில்லை. நாமும் அங்கே போய் மணியடித்துக் கூச்சல் போடாமல், அரை மணி நேரம் இருந்து, பழம் சாப்பிட்டுவிட்டுத் திரும்பலாம். பொங்கலை ஒட்டிச் சிராவயல் மஞ்சுவிரட்டு நாளில் மட்டும் அந்தப் பாதை வேண்டாம், வண்டி நகராது.

---

செம்மண்ஓட்டம்

எல்லாருக்கும் மனமார்ந்த நன்றி. நான் இப்படி வைத்துக்கொள்கிறேன், தப்பிருந்தால் சொல்லுங்கள்.

கார்த்திகை முடியும்வரை அட்டவணை இல்லை. காலை எழும் நேரம் மாறாது, நடை மட்டும். சைக்கிளைப் பிரித்துத் துடைக்கும் வேலையை இந்த வாரமே தொடங்குகிறேன். மார்கழியில் குளம் திறந்திருக்கும் நாளெல்லாம் அரை மணி நேரம், 25 மீட்டர் துண்டுகளாக. எடைப் பயிற்சி வாரம் இரண்டு, ஓட்டம் செம்மண் பாதையில் நடை-ஓட்டமாக. ஞாயிறு முதல் குழுவோடு சவாரி. தைப்பூசத்துக்குப் பழனி, வந்து ஒரு வாரம் ஓட்டம் இல்லை. மாசியில் நீளம் கூட்டுவது, வாடை ஓய்ந்ததும் தொண்டி. கடை நெருக்கடி வாரத்தில் எது விட்டுப்போனாலும் எடைப் பயிற்சியையும் நீச்சலையும் விடக்கூடாது என்று நினைக்கிறேன். சரியா?

---

பள்ளத்தூர்ஆச்சி

சரிதான் தம்பி. எடைப் பயிற்சியையும் கடினமான ஓட்டத்தையும் ஒரே நாளில் வைத்துவிடுங்கள், மறுநாள் முழு ஓய்வு கிடைக்கும். பொங்கல் வாரத்தில் கடையில் நாள் முழுக்க நிற்பீர்கள், அதையும் காலுக்கு வேலை என்றே கணக்கிடுங்கள்.

---

தொண்டிக்கடல்

மாசியில் வருவதற்கு முந்தின நாள் இங்கே எழுதிவிடுங்கள். காற்றும் வலையும் எப்படி என்று பார்த்துச் சொல்கிறேன். மூன்று பேருக்குக் குறையாமல் வாருங்கள், ஆளுக்கொரு மிதவையோடு. ஆரஞ்சு நிறம் வாங்குங்கள். நீலம், பச்சை வேண்டாம், படகிலிருந்து தெரியாது.